கதியால் வேலி



உடற்கூறு படிப்பித்த ஓர் ஆசிரியரின் நினைவில் பேச அழைத்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறவர் சாமுவேல் பிஸ்க் கிறீனைத் தாண்டிப் போக முடியாது. 1847இல் வந்த அந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் தமிழானது. அடுத்த வருடம் கிறீன் தாய்நாடு திரும்பினார். அதே 1873இல் பிரான்சிய அறிஞர் ரூஜே, மயிர்த்துளைக் குழாய்களை வெளிப்புறமாகக் கட்டிப்பிடித்திருக்கும் கிளைவிட்ட கலமொன்றை விவரித்தார். அது கிறீனின் நூலுக்குள் வர ஒரு வருடம் பிந்திவிட்டது.

எங்கள் கலைச்சொற்களில் ஒரு சிக்கல். தமிழகத்தார் செல் என்பதை நாங்கள் கலம் என்கிறோம். இரத்தம் ஓடும் வழியோ குருதிக்கலன். கலனின் சுவரில் உள்ள கலங்கள் என்று எழுதினால் பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டு யோசிக்கிறார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். ‘குழாய்’தான் எனக்கு ஆகாத சொல். கேட்டவுடன் கிணற்றடிப் பிவிசி குழாய் நினைவுக்கு வருகிறது. பழுதானால் அறுத்துவிட்டு வேறு துண்டு ஒட்டலாம் என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

எனக்கு அந்தச் சுவர் கதியால் வேலி. கிளுவையும் பூவரசும் தடியாக நட்டது, வேர்விட்டுத் துளிர்த்து நிற்கிற வேலி.

அதன் உட்புறம் அகவணி, ஒரே அடுக்குக் கலங்கள். வெறும் பூச்சு என்றே அதை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1978இல், எங்கள் மருத்துவ பீடம் தொடங்கிய அதே வருடம், நியூயோர்க்கில் ஃபெர்ச்கொட் என்ற ஆய்வாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு கைத்தவறு நடந்தது. செய்முறை ஒழுங்கு மாறியதில், அசற்றைல்கோலினை ஒத்த மருந்தொன்று பட்டால் சுருங்க வேண்டிய முயலின் பெருநாடித் துண்டு தளர்ந்து கொடுத்தது. தேடிப் பார்த்தால், அதுவரை துண்டு வெட்டும்போது அகவணியை அவர்களே உரசி அழித்திருக்கிறார்கள்! தசையைத் தளரச் சொல்லும் சேதி அந்த மெல்லிய படையிலிருந்து போகிறது. சேதி கொண்டு போவது நைத்திரிக் ஒட்சைட்டு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அகவணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. மூளையில் இடைவெளியே தெரியாமல் நெருக்கி அடைத்த வேலி. ஈரலில் வேலி முழுக்கப் பொட்டு. அயல்வீட்டுக்கு நெருப்பெடுக்கவும் ஊர்க்கதை பேசவும் பெண்கள் நுழைந்து போவார்களே, அந்தப் பொட்டுத்தான். பொட்டில்லாவிட்டால் ஈரலுக்கு வேலை ஓடாது.

நடுப்படையின் மழமழப்பான தசைக்கலங்கள் இன்னும் விசித்திரமானவை. முளையத்தில் பார்த்தால், இதயத்திலிருந்து எழும் பெருநாடியின் பெரும்பகுதித் தசையும் முதுகோரமாக இறங்கும் பெருநாடியின் தசையும் வெவ்வேறு இழையங்களில் பிறந்து வருகின்றன. நாடி ஒன்று, குடிகள் இரண்டு. கொழுப்பு படியும்போது இக்கலங்கள் சுருங்கும் தொழிலை விட்டுப் பெருகத் தொடங்குகின்றன. சில நாரிழை செய்து படிவின் மேல் மூடி போடுகின்றன. சில கொழுப்பை விழுங்கித் தாமே படிவாகிவிடுகின்றன. ஒரே குடும்பத்தில் காவல்காரனும் கள்ளனும்.

பைபாஸ் செய்வித்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். நெஞ்சின் உட்புற நாடியை ஒட்டினால் பத்து வருடத்தின் பின்னும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த நாளத்தில் ஏறக்குறையப் பாதி அடைத்துப்போகும். நாளத்தின் சுவர் நாடியின் அமுக்கத்துக்குப் பழகியதல்ல. தடித்து, உட்புறம் ஒடுங்குகிறது. பிவிசிக் கணக்கு இங்கே சரிவராது.

இனி ரூஜே கண்ட கலம். அது கண்ணின் விழித்திரையில் மிகச் செறிவாக இருக்கிறது. நீரிழிவில் முதலில் சாகிறவற்றில் அதுவும் ஒன்று. அது செத்த இடத்தில் மயிர்த்துளைக் குழாய் புடைத்துக் கசிகிறது. கதியால் உக்கிய வேலி ஒழுங்கைப் பக்கம் சரிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குப் படம் வேண்டாம். சீனி வருத்தத்துக்குக் கண்ணைக் காட்டச் சொன்னால் “கண் நல்லாத் தெரியுது டொக்டர்” என்கிறார்கள். பார்வை மங்குமுன்பே இந்தச் சாவு தொடங்கிவிடுகிறது.

ரூஜே கண்ட அந்தக் கலத்தின் ஆங்கிலப் பெயரைப் பெரிசைற் என்று அப்படியே எழுதி வருகிறோம். கதியாற்கலம் என்று எழுதிப் பார்க்கலாம் என்பது என் விருப்பம். மருத்துவ பீடப் பிள்ளைகள் பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் தேநீருக்கு முன் வந்து சொல்லுங்கள்.