தந்தை சிறையில், பிள்ளை பள்ளியில்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் துணையால் படித்து உயர்ந்த பிள்ளைகளைப் பற்றி இம்மேடையில் பலர் பெருமையுடன் பேசினார்கள். யாரும் பேசத் தயங்கும் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். தந்தையைச் சிறையில் வைத்துவிட்டு வகுப்பில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளே அவர்கள்.

நம் மாவட்டம் மூன்று மாநிலங்கள் கூடுமிடம். பிழைப்புத் தேடி எல்லை கடப்பது நம்மவர்க்கு அன்றாட வழக்கம். வழக்கென்று வந்துவிட்டால் சிறையும் எல்லைக்கு அப்பால் அமைந்துவிடுகின்றது. சித்தேரி, சவ்வாது மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பாருங்கள். தரகர் காட்டிய கூலியை நம்பிச் செம்மரம் வெட்டச் சென்று, ஆந்திரச் சிறைகளில் அடைபட்டோர் பலர். வழக்கின் தாள்கள் தெலுங்கில். ஒருமுறை பார்த்துவரப் பல நாள் கூலி செலவு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் தமிழகத்தார் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே திடுக்கிட்டது. இறந்தோரை எண்ணினோம். சிறைப்பட்ட தந்தையர்க்காகக் காத்திருந்த குழந்தைகளை எண்ணினோமா?

"குற்றவாளியின் பிள்ளைதானே" என்பார் உண்டு. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி அரசுப் பணியாளர் புகுந்தனர். பெண்களும் குழந்தைகளும்கூடச் சேலம் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2011இல் நீதிமன்றம் குற்றவாளிகள் எனக் கண்டது அம்மக்களையன்று. அங்கே புகுந்த பணியாளர் 215 பேரை! 2023இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே. தந்தை தவறே செய்திருப்பினும், பிள்ளை செய்த தவறு யாது?

நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்கள் உலக வரலாற்று நூலாயின. அக்கடிதங்கள் அம்மகளுக்குப் பெருமை. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சிறையிலிருந்து வரும் அஞ்சலட்டையோ ஒளித்து வைக்கும் பொருளாகிறது. வழக்குகள் வேறு, ஆனால் தந்தையின் சொல்லுக்கு ஏங்கும் பிள்ளை மனம் ஒன்றே.

ஆஸ்திரேலியாவிலும் பழங்குடியினர் தம் மக்கள்தொகைக்குப் பன்மடங்கு மிகுதியாகச் சிறைப்பட்டுள்ளனர். காவலில் நேர்ந்த 99 சாவுகளை ஆராய்ந்த அரச விசாரணைக் குழு 1991இல் 339 பரிந்துரைகள் அளித்தது. கைதியை இயன்றவரை குடும்பத்திற்கு அருகிலுள்ள சிறையில் வைத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிள்ளை வளர்ப்பைத் தந்தையர்க்குக் கற்பிக்கும் வகுப்புகளும் அங்குச் சில சிறைகளில் நடைபெறுகின்றன.

நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, பிள்ளையிடம் வயதிற்கேற்ப உண்மையைக் கூறுங்கள். "வெளியூர் வேலை" என்று மறைத்தால், தெருவில் பிறர் ஏளனமாகக் கூறி அது அறியும்; அன்றே பள்ளியை வெறுக்கும்.

இரண்டாவது, கடிதத் தொடர்பு. தேர்ச்சி அட்டையின் படியைச் சிறைக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாத தாய்மார்க்கு இளைஞர்களே, நீங்கள் எழுதிக் கொடுங்கள். மகன் கணக்கில் பெற்ற மதிப்பெண்ணை அறிந்த தந்தை, சிறையிலும் தந்தையாகவே இருப்பான்.

மூன்றாவது, சட்டத்தின் துணை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோர் இலவச வழக்கறிஞர் உதவி பெற உரியவர். தமிழ்நாட்டில் தண்டனை பெற்றோர் விடுப்பு வேண்டத்தக்க காரணங்களுள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தலையும் 1982ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிடுகின்றன. இதனை அறியாமலே எத்தனை ஜூன் மாதங்கள் கழிந்தனவோ!

நான்காவது, என் இனத்தவராகிய ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்: "அப்பா கையெழுத்து எங்கே?" என்று வகுப்பறையில் உரக்கக் கேளாதீர். தாயின் கையெழுத்தே போதும். பதினான்கு வயதுச் சிறுவன் வருகைப் பதிவேட்டிலிருந்து மறைந்து, செங்கற்சூளையிலோ ஒப்பந்தக் கூலியிலோ சேர்வது பெரும்பாலும் இத்தகைய ஒரு கேள்விக்குப் பின்னரே என்பது என் பணிக்கால அனுபவம்.

இளைஞர்களே! அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் கட்டிடங்கள் எழுப்பட்டும். அதற்கு முன், ஊர்தோறும் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அவர்களில் ஒருவரும் படிப்பை நிறுத்தாமல் காப்பதே இவ்விழாவின் முதற்பணியாகுக!