சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

(பாளையங்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

ஒரு டி.வி. தொடரோட கடைசி எபிசோடைப் பத்திப் பேசப் போறேன்னதும் சில தோழர்கள் முகத்தைச் சுளிச்சாங்க. கூலிப் பிரச்சினை இருக்கு, பஞ்சமி நிலம் இருக்கு, இது எதுக்குவேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா ராத்திரி ஆனா நம்ம தெருவுலயும் டி.வி. ஓடுது. போலீஸ்னா யாரு, குற்றம்னா எது, நீதின்னா என்ன என்கிற பாடம் அங்கேயும் நடக்குது. அந்தப் பாடத்தை யார் எழுதுகிறார்கள் என்று பார்க்காமல் விட முடியாது.

சோனி தொலைக்காட்சியின் 'சி.ஐ.டி.' 1998 ஜனவரி 21 அன்று தொடங்கி 2018 அக்டோபர் 27 அன்று நின்றது. இருபது வருஷம், ஆயிரத்து ஐநூறு எபிசோடுக்கு மேல். துப்பறியும் தொடர் என்றுதான் எடுத்தார்கள். போகப்போக ஜனங்கள் அதை நகைச்சுவைத் தொடராக மாற்றிக்கொண்டார்கள். ஏ.சி.பி. பிரத்யுமன் விரலைச் சுழற்றிச் சந்தேகப்படுவார். இன்ஸ்பெக்டர் தயா கதவை உடைப்பார். பிடிபட்டவன் கன்னத்தில் ஓர் அறை விழும், உண்மை முழுக்க வெளியே வந்துவிடும். 'உனக்குத் தூக்குதான்' என்று தீர்ப்பையும் ஏ.சி.பி.யே சொல்லிவிடுவார். இந்தி தெரியாத நம்ம பையன்களுக்கும் 'தயா, கதவை உடை' மட்டும் தெரியும்.

ஏன் சிரிச்சோம்? ஸ்டேஷன் வாசலை ஒருதடவை மிதிச்சவனுக்கு, மனுவை வாங்கி ரசீது குடுக்கிற போலீஸே அதிசயம். ஒருமணி நேரத்துல கொலைகாரனையே பிடிச்சிட்டா சிரிப்பு வராம என்ன செய்யும்? அந்தச் சிரிப்பில் ஒரு விமர்சனம் இருக்கிறது. ஆனால் அதே சிரிப்பு இன்னொரு வேலையையும் செய்கிறது. அந்த அறையையும் அந்தக் கதவையும் விளையாட்டுப் பொருளாக்கி நம் கைக்குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறது.

அறையை எடுத்துக்கொள்வோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ்மேல் நம்பிக்கை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனா 2023ல, நம்ம அம்பாசமுத்திரத்துல, விசாரணைக்குப் போனவங்க பல்லைப் பிடுங்கினதாப் புகார் வந்துச்சு. ஏ.எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு. தொடரில் சி.ஐ.டி. அறைகிறது. தாமிரபரணிக் கரையில் ஒரு போலீஸைப் பற்றி விசாரிக்க இன்னொரு போலீஸ் வரவேண்டியிருக்கிறது.

அடுத்தது கதவு. 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். நூற்றுக்கணக்கான போலீஸ் பட்டப்பகலில் ஊருக்குள் புகுந்தது. கதவுகள் உடைந்தன. டி.வி. பெட்டியும் மின்விசிறியும் தையல் மெஷினும் நொறுங்கின. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் எரிந்தன. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த காசில் நிமிர்ந்த ஊர் அது. யாரையோ தேடி வந்தவனுக்குச் சான்றிதழைக் கொளுத்த என்ன தேவை? பள்ளன் வீட்டில் டி.வி. இருந்ததே அங்கே குற்றம். அந்த ஊரில் போய் 'தயா, கதவை உடை' என்று சொல்லிப் பாருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 'மங்க்' என்று ஒரு துப்பறியும் நகைச்சுவைத் தொடர் வந்தது. 2002 முதல் 2009 வரை, 125 எபிசோடு. ஆட்ரியன் மங்க்குக்குக் கிருமியைக் கண்டால் பயம், உயரத்தைக் கண்டால் பயம், பாலைக் கண்டால்கூடப் பயம். ஊரார் கொலையெல்லாம் கண்டுபிடிப்பான். கார் குண்டில் செத்த தன் மனைவி வழக்கு மட்டும் பிடிபடாது. 2009 டிசம்பர் 4 அன்று வந்த கடைசி எபிசோடில் முடிச்சு அவிழ்கிறது. அவள் விட்டுப்போன கிறிஸ்துமஸ் பரிசை அவன் பிரிக்காமலே வைத்திருந்தான். அதற்குள் ஒரு வீடியோ டேப் இருக்கிறது. கொலை செய்தவன் ஒரு நீதிபதி!

சிரிப்புத் தொடருக்கு அந்தத் தைரியம் இருந்தது, பாராட்டணும். ஆனா அடுத்து என்ன நடக்குது? நீதிபதி தன்னைத்தானே சுட்டுக்கிட்டுச் செத்துப்போறான். நீதிபதியைக் கூண்டில் ஏற்றும் காட்சி அந்தத் தொடரில் கடைசிவரை வரவில்லை.

துப்பறியும் கதை எல்லாமே ஒரு விஷயத்தை நம்பச் சொல்கிறது. துப்பு கிடைக்காததால்தான் நீதி தாமதமாகிறது, டேப் கிடைத்தால் நீதி கிடைத்துவிடும் என்று. நமக்கும் டேப் இருந்தது தோழர்களே. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் வந்தது. தடியடி, கண்ணீர்ப்புகை. ஆற்றில் இறங்கியவர்களைக் கரையேற விடவில்லை. பதினேழு பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அதை ஊரறியக் காட்டியது. நீதிபதி மோகன் கமிஷன் போலீஸ் செய்தது சரி என்றது. பெரும்பாலோர் நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது. அங்கே துப்புக்குப் பஞ்சமே இல்லை. துப்பறியப்பட வேண்டியவன் யூனிஃபார்மில் நின்றான், அவ்வளவுதான்.

நான் வேலை பாக்கிறது பேங்க்குல. எந்தக் கணக்குன்னு தெரியாத தொகை வந்தா 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'ல போடுவோம். அதை அப்படியே விட்டுற முடியாது. ஆடிட்டர் வந்து இந்த என்ட்ரி எத்தனை நாளா நிக்குது, யார் போட்டது, ஏன் தீரலைன்னு கேப்பார். பத்து ரூபாய்க்கும் பதில் சொல்லணும். பதினேழு உயிரை எந்த லெட்ஜர்ல எழுதியிருக்கான்? எந்த ஆடிட்டர் கேட்டான்?

2018இல் 'சி.ஐ.டி.' நின்றபோது சேனல் அதை 'இடைவேளை' என்றுதான் சொன்னது. 2024 டிசம்பரில் தொடர் திரும்பியும் வந்துவிட்டது. அவர்களுக்குக் கடைசி எபிசோடுகூடக் கடைசி இல்லை. நமக்கு மட்டும் கமிஷன் அறிக்கை வந்த அன்றைக்கே 'முற்றும்' போடச் சொல்கிறார்கள். போட வேண்டாம்.

என்ன செய்யலாம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, நம் வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் துப்பறிய வேண்டும். 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. 'சி.ஐ.டி.'க்காரர்கள் 2004இல் 111 நிமிஷம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஒரு எபிசோடு எடுத்தார்கள். நம் வழக்குக்கும் வெட்டில்லாத பதிவு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் வாங்குங்கள். ஊருக்கு ஊர் ஒரு ஃபைல் போடுங்கள். அதுதான் நம்ம லெட்ஜர்.

ஒவ்வொரு ஜூலை 23க்கும் ஆத்துல பூத்தூவப் போறோம். அடுத்த தடவை வரும்போது மாணவத் தோழர்கள் பூவோட ஒரு நோட்டும் கொண்டாங்க. அன்னைக்குத் தண்ணிக்குள்ள நின்னு தப்பிச்சு வந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தக் கரைக்கு வருவாங்க. அவங்களுக்கு வயசாகுது. அவங்க சொல்றதைத் தேதியோட, இடத்தோட எழுதிக்கோங்க.