எல்லைப்புறப் பிரபுவும் எழுதுகோலும்



1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் வில்லியம், வேல்ஸ் எல்லையைக் காக்கச் செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹியர்ஃபோர்டு ஆகிய மூன்று நகரங்களில் தன் நம்பிக்கைக்குரியோரை அமர்த்தினான். அவர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தோரும் மேற்கே வாளால் வென்ற நிலங்களே 'மார்ச்' எனப்பட்ட எல்லைப்புறம். அங்கே அரசனின் ஆணையோலை செல்லாது. கோட்டை கட்டவும், போர் தொடுக்கவும், வழக்குத் தீர்க்கவும் பிரபுவே உரியவன். 1536ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்நிலை நீடித்தது.

இத்தகையதோர் எல்லையில் எழுதுகோல் ஏந்தியவர் ஜெரால்டு. தந்தைவழியில் நார்மானியர், தாய்வழிப் பாட்டி நெஸ்டோ தென்வேல்ஸ் மன்னன் ரீஸின் மகள். இரு குருதியும் ஓடிய அவரை இரு சாராருமே முழுமையாக நம்பவில்லை. பிரெக்கன் பகுதியின் திருச்சபை அதிகாரியாக அவர் விளங்கிய காலத்தில், அந்நிலத்தை ஆண்டவன் வில்லியம் டி பிரயோஸ்.

1175ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இந்தப் பிரயோஸ், குவென்ட் நாட்டுத் தலைவன் செய்சிலையும் அவனைச் சார்ந்தோரையும் ஆபர்கவெனிக் கோட்டைக்கு அழைத்தான். தாய்மாமன் கொலையுண்டதற்குப் பழிவாங்குவதே உள்நோக்கம் என்பர். வந்தவர்கள் வெட்டுண்டனர். அத்தோடு அமையாது, செய்சிலின் மனைவி கைப்பற்றப்பட்டாள். அவளுடைய இளஞ்சிறுவன் கட்வாலடரும் கொல்லப்பட்டான். விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றிய வேல்ஸ் மக்களுக்கு இது சாவினும் கொடியது.

1188இல் கான்டர்பரிப் பேராயர் பால்ட்வினுடன் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டச் சென்ற ஜெரால்டு, இவ்வூரைப் பற்றியும் தம் பயண நூலில் எழுதினார். ஆனால் இக்கொலையை விரித்துரைக்க மறுத்தார். தீயோர்க்கு அது முன்மாதிரி ஆகிவிடுமாம்! பழியைப் பிறர்மேல் சுமத்தி, பிரயோஸின் இறைப்பற்றையே புகழ்ந்தார். வழியில் காணும் சிறார்களிடம் கனிவாகப் பேசி, அவர்கள் மறுமொழியாகச் சொல்லும் வாழ்த்தைப் பெறுவது அவன் வழக்கமாம். கட்வாலடர் என்னும் சிறுவனின் பெயரை அறிந்தவர்க்கு இவ்வரி நெஞ்சைச் சுடும். அச்சமா, நன்றியா, நடுநிலை தவறிய அன்பா? நிலத்தை ஆள்பவனின் நிழலில் எழுதுவோர்க்கு இக்கேள்வி எளிதன்று.

பிரயோஸின் முடிவும் கொடிது. ஜான் மன்னனின் சினத்திற்கு ஆளாகி, பிரான்சில் அகதியாக 1211இல் மாண்டான். அதற்கு முந்தைய ஆண்டே அவன் மனைவியும் மூத்த மகனும் மன்னனின் சிறையில் பட்டினியால் மடிந்தனர். 1230இலோ அவன் பேரனை, தன் மனைவியுடன் கூடியிருந்தான் என்று வேல்ஸ் வேந்தன் லெவலின் தூக்கிலிட்டான். ஆயினும் அதன்பின் அந்தப் பேரனின் மகளையே தன் மகனுக்கு மணமுடித்துக் கொண்டான். எல்லைப்புறத்தின் கொள்வினை கொடுப்பினை அத்தகையது.

ஜெரால்டின் நூலில் மறைக்கப்படாத ஒரு பொருள் எஞ்சியுள்ளது. 1182இல் செய்சிலின் புதல்வர்கள் அக்கோட்டையைத் தாக்கினர். அவர்தம் அம்புகள் நான்கு விரற்கடை அளவு தடித்த ஓக் மரக்கதவைத் துளைத்தன. அம்புமுனைகள் அக்கதவிலேயே நினைவாக விட்டுவைக்கப்பட்டிருந்தன என்று அவரே எழுதியிருக்கிறார்.