வளைந்தால் குறைந்தா போவோம்?



குடும்பம் நிலைக்க நிமிர்ந்து நிற்கணுமா, வளைந்து கொடுக்கணுமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “தமிழில் ‘கொடு’ என்றால் வளைவு. அதிலிருந்து பிறந்ததுதான் கொடுமை. அதனால் வளைவது கொடுமை!” என்றார்.

உண்மைதான், மறுக்க மாட்டேன். வளைந்த கோல் கொடுங்கோல். வளைந்த அரிவாள் கொடுவாள். இன்னும் ஒன்று சொல்கிறேன். ஸ்கேல் வைத்து நேராகப் போடுகிறோமே கோடு, அதற்கே பழைய பொருள் வளைவு! யானைத் தந்தம் கோடு. மாட்டுக் கொம்பு கோடு. சங்கும் கோடு. அப்படிப் பார்த்தால் நேர்கோடு என்பது ‘நேரான வளைவு’! (சிரிப்பு)

ஆனால், கொடுங்கோலில் வளைந்தது எது? நீதி. அது வளையக் கூடாது. மனுஷன் வளையலாமே!

மலைப் பாதையில் பஸ் திரும்பும்போது ‘பெண்ட்’ என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள், வில்லில் நாண் பூட்டுவது. நாண் பூட்டினால் வில் வளையும். அதிலிருந்துதான் வளைவு என்ற பொருள் வந்தது. ஐயா, வில் வளைந்தால்தான் அம்பு நேராகப் போகும்! (கைதட்டல்)

எங்கள் வயலுக்குத் தண்ணி வருவது மருதூர் மேலக்காலில். அந்த மருதூர் அணையே குதிரை லாடம் போல வளைந்துதான் ஆற்றை மறிக்கிறது. எங்கள் வரப்பும் ஒரு இடத்தில் வளைந்து போகும். அங்கே பெரியப்பா வச்ச பனை நிற்கிறது. சர்வேயர் அளந்து பார்த்து, “மூணு முழம் உங்களுக்குள்ளது, பனையை வெட்டச் சொல்லும்” என்றார்.

அப்பா சொன்னார்: “வரப்பு வளைஞ்சா நெல்லு வெளையாமலா போயிரும்? அண்ணன் மனசு கோணக் கூடாதுல்லா!”

காலேஜில் படிக்கிற திமிர் எனக்கு. “நீங்க ஒரு கோழைப்பா” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

மறு வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். எங்கள் வயலுக்கும் சேர்த்து ராத்திரி ராத்திரியாகத் தண்ணி பாய்ச்சியவர் அந்தப் பெரியப்பாதான். அந்த விளைச்சலில்தான் நான் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். இன்றைக்கு என் பேருக்கு முன்னால் நிற்கிற டாக்டர் பட்டத்தில் மூணு முழம் அவருக்குச் சொந்தம் ஐயா! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, தீர்ப்பை நேராகவே சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் வளைந்து கொடுங்கள்.