கேம்பு என்றொரு ஊர்



கம்பத்திலிருந்து குமுளி பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கூடலூர் தாண்டியதும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மலை நெருங்கி வந்து முகத்துக்கு நேரே நிற்கும். "கேம்பு எறங்கு, கேம்பு எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். நாலைந்து பேர் இறங்குவார்கள். அடுத்த நிமிஷம் பஸ் மலைப்பாதையில் திணறி ஏறிக்கொண்டிருக்கும். அந்த நிறுத்தம்தான் லோயர்கேம்ப்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். எந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னாலும் முதலில் அதன் பெயரைத்தான் பிடித்துக்கொள்வேன். நம் பள்ளத்தாக்கில் பட்டி உண்டு, பாளையம் உண்டு, நல்லூர் உண்டு. 'கேம்ப்' எங்கிருந்து வந்தது? முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மலைமேல் ஒரு முகாம், அடிவாரத்தில் ஒரு முகாம். அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. வேலையாட்கள் கலைந்தார்கள், கூடாரங்களும் போயின. அடிவார முகாமின் பெயர் மட்டும் ஊராகி நின்றுவிட்டது.

ஊரின் இருப்பிடத்தைச் சொல்கிறேன், மனசுக்குள் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கு ஒரு நீளத் தொட்டி. ஒரு கரை ஏலமலை, மறு கரை மேகமலை. இரண்டு கரையும் ஒட்டிப் போகிற மூலையில் இருக்கிறது லோயர்கேம்ப். தென்மேற்குப் பருவக்காற்று மேலே குமுளியில் மழையைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது, நமக்கு மிஞ்சுவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். மழை மறைவுப் பிரதேசம் என்று பாடத்தில் ஒரு வரியில் இருக்கும். லோயர்கேம்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணிலேயே தெரியும்: மேலே கருமேகம், நம் தலைக்கு மேல் வெயில்.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருந்தேன். ஒரு பையன் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், பெரியாறு மேற்கே போய் அரபிக்கடல்ல சேருதுன்னு நேத்து எழுதிப்போட்டீங்க. இந்தத் தண்ணி கிழக்கே போகுதே!" என்றான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கும் அதுதான் தீராத வியப்பு, நேயர்களே. சிவகிரி மலையில் பிறந்து மேற்கே போகிற ஆற்றை அணையில் தேக்கி, மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் மலையை விட்டு இறங்கித் தரையைத் தொடுகிற இடம் இந்த ஊர்தான்.

அணையைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே ஆளனுப்பி இடம் பார்த்ததும், 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டதும், 1886-ல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை எழுதியதும், பென்னிகுக் என்ற பொறியாளர் கட்டி முடித்ததும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வண்டிமாடுகளின் கதை.

அந்தக் காலத்தில் ரயில் இந்தப் பக்கம் கிடையாது. சென்னையிலிருந்து வந்த இரும்பும் இயந்திரமும் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கும். இன்றைய கொடைரோடு. அங்கிருந்து மாட்டுவண்டிதான். நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆறும் ஓடையும் கடந்து கூடலூர் வரவேண்டும். பாரம் ஏற்றிய மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கும்? இருபது கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு நடைக்கு ஐந்தாறு நாள்! எட்டு வருஷ வேலைக்கு எத்தனை வண்டி, எத்தனை லாடம், எத்தனை கட்டு வைக்கோல் ஆகியிருக்கும்? அணைக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் குருவனூத்துப் பக்கம், இங்கேயே கிடைத்தது. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்தூளும் கலந்த காரைதான் அணையின் உயிர். அடிவாரத்தில் சேர்ந்ததையெல்லாம் கம்பிவடம் கட்டித் தேக்கடிக்கு ஏற்றினார்கள். 1890-களில் இந்த ஊரின் தலைக்கு மேல் ரோப்வே ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

கூடலூரில் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எங்க பாட்டன் டேமுக்கு வண்டி அடிச்சவரு. ஒத்த மாடு காய்ச்சல்ல செத்துப்போச்சாம். அதுக்கு அழுதது மாதிரி வேற எதுக்கும் அழுகலைன்னு எங்காத்தா சொல்லும்" என்றார். மாட்டுக்கு மட்டுமா காய்ச்சல் வந்தது? மலேரியாவிலும் காலராவிலும் போன கூலியாட்கள் ஏராளம். 2013 ஜனவரி 15 அன்று லோயர்கேம்பில் பென்னிகுக்கின் மணிமண்டபம் திறந்தார்கள். வேண்டியதுதான். பாலார்பட்டி ஊர்க்காரர்கள் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், அதுவும் நம் மண்ணின் நன்றி. ஆனால் பெயர் தெரியாத அந்த வண்டிக்காரனுக்கு ஒரு கல்லாவது நடவேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரின் மின்சார நிலையத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து ராட்சதக் குழாய்களில் தண்ணீரை இறக்கி, 1958-லிருந்து 1965-க்குள் நாலு இயந்திரங்கள் பொருத்தினார்கள், அப்போது 140 மெகாவாட். கரையோரத்தில் துணி துவைக்கிற பெண்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் "பவர் ஹவுஸ் நின்னுபோச்சு" என்பார்கள். குழாய்க்குப் போகாத தண்ணீர் மலைப்பாதையில் ஒரு பாலத்தடியில் பாய்ந்து இறங்கும். அந்தப் பாலத்துக்கு யாரோ ஒரு கவிஞன்தான் பெயர் வைத்திருக்கவேண்டும்: இரைச்சல் பாலம்.

பக்கத்தில் பளியன்குடி. பளியர்கள் இந்தக் காட்டின் மூத்த குடிகள். சித்திரைப் பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்களின் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைப் பற்றியே ஒரு உரை பேசலாம், இன்னொரு நாள் வாய்ப்புக் கிடைக்கட்டும்.

தினமும் விடியலில் இந்த ஊர் வழியாக ஜீப் ஜீப்பாக நம் பெண்கள் கேரள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு இந்த ஊர் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. மதுரைக்குக் குடிநீர்க் குழாயும் இங்கிருந்தே போகிறது.

அடுத்த முறை குமுளிக்கோ சபரிமலைக்கோ போகும்போது, லோயர்கேம்பில் ஒரு பத்து நிமிஷம் இறங்குங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "உங்க வீட்டுல யாராச்சும் டேமுக்கு வண்டி அடிச்சாங்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் போனில் பதிந்து வையுங்கள், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.