முழங்காலும் முதுமையும்



நடை தளர்ந்தால் உலகமும் சுருங்கிவிடுகின்றது. கோயில் வீதியும் சந்தையும் அயல்வீட்டு முற்றமும் ஒவ்வொன்றாகத் தூரமாகிப்போக, ஈற்றில் சாய்மனைக் கதிரை ஒன்றே உலகமாக எஞ்சுகின்றது. முழங்கால் மூட்டுத் தேய்வினால் வருந்தும் முதியோர் பலரின் நிலை இதுவே. சத்திரசிகிச்சை செய்து மூட்டை மாற்றுவதா, மாற்றாமலே நோவைத் தணிப்பதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. நான் வைத்தியன் அல்லேன். ஆயினும், ஒரு வினாவை ஒழுங்காகக் கேட்கப் பழக்குவது ஆசிரியத் தொழிலின் பாற்பட்டது. அந்த அளவில் சில கூற விழைகின்றேன்.

முழங்காலில் என்புகள் சந்திக்குமிடத்தை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியுள்ளது. அது தேயத் தேய, மூட்டில் நோவும் விறைப்பும் மிகுகின்றன. தேய்ந்ததை முன்போல் மீள வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆதலின் நம்முன் உள்ளவை இரு வழிகள். பழுதுற்ற முகப்புகளை அகற்றி, உலோகத்தாலும் உறுதியான பிளாத்திக்கினாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துவது ஒன்று. தேகப்பயிற்சி, நிறைக்குறைப்பு, நோவு மருந்து என்பவற்றால் உள்ள மூட்டையே பேணுவது மற்றொன்று.

இவ்விரண்டையும் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் நேர்முகமாக ஒப்பிட்டனர். சத்திரசிகிச்சைக்குத் தகுதியானவரெனக் கண்ட 100 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மூட்டை மாற்றி, அதன்பின் 12 வாரம் பயிற்சி முதலிய சிகிச்சையும் அளித்தனர். மறு பிரிவினருக்குப் பயிற்சி, உணவு ஆலோசனை, பாதணி உள்ளீடு, நோவு மருந்து முதலிய அதே சிகிச்சை மட்டுமே. 2015 ஆம் ஆண்டு வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. நோவு, அன்றாட நடமாட்டம், வாழ்க்கைத்தரம் முதலியவற்றை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில், ஓராண்டின் பின் முதற் பிரிவினர் 32.5 புள்ளிகளும் மற்றையோர் 16 புள்ளிகளும் முன்னேறியிருந்தனர்.

இதனைக் கேட்டதும் சத்திரசிகிச்சையே வென்றது எனத் தீர்ப்பளிப்போர், கணக்கின் பாதியையே வாசித்தவராவர். கடுமையான பாதக விளைவுகள் முதற் பிரிவில் 24 ஆகவும் மறு பிரிவில் 6 ஆகவும் இருந்தன. அன்றியும், மூட்டை மாற்றாதிருந்த 50 பேரில் அவ்வாண்டினுள் சத்திரசிகிச்சையை நாடியோர் 13 பேரே. ஏனையோர் அதுவின்றியே அவ்வாண்டைக் கடந்தனர்.

எனவே, பயிற்சியை ஏழைக்கு வாய்த்த இரண்டாந்தர வைத்தியம் என எண்ணுதல் தவறு. நோவுள்ள காலை அசைக்கலாகாது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். உண்மையில், துடைத் தசைகள் வலுப்பெற்றால் அவையே மூட்டுக்குத் துணையாகின்றன. உடல் நிறையில் ஒரு கிலோ குறையுமாயின், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

அதேவேளை, அச்சத்தினால் மட்டும் சத்திரசிகிச்சையை ஒதுக்குவதும் அறிவுடைமையன்று. முறையாகப் பயிற்சி செய்தும் இரவில் உறக்கமின்றி, வீட்டுக்குள் நடக்கவும் இயலாது வருந்துவோருக்கு அது புதுவாழ்வு அளிக்கவல்லது. முழு மூட்டு மாற்றங்களுள் ஏறத்தாழ 82 வீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என 2019 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆயினும் செயற்கை மூட்டுடன் முழந்தாளிடுவதும் குந்தியிருப்பதும் பலருக்குக் கடினம். நிலத்திற் சப்பணமிட்டு இருந்து பழகிய நம்மவர் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக, பிள்ளைகளுக்கு ஒரு சொல். தாயின் முழங்காலைப் பற்றித் தொலைபேசியிற் கூடிப் பேசி நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள். "அம்மா, நீங்கள் மீண்டும் செய்ய விரும்புவது என்ன?" என்று முதலிற் கேளுங்கள். செலவுக்கு அஞ்சி நோவை மறைப்பவர்களும் உளர். பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காகவே சத்திரசிகிச்சைக்கு இசைபவர்களும் உளர். அவர் கூறும் விடையை வைத்தியரிடம் எடுத்துச் சென்று, எவ்வழி அதற்கு உதவும், எவ்வளவு காலம் பயிற்சி செய்து பார்க்கலாம், எவ்விடர்கள் நேரலாம் என வினவுங்கள். நடக்கப்போவது அவருடைய கால். முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும்.