விராலா, வாளையா?

அவலூர்பேட்டைப் பக்கம் ஏரி வற்றினால் ஒரு பேச்சு வரும்: விராலும் வாளையும் மோதினால் எது ஜெயிக்கும்?

விரால், கோம்பை நாய் மாதிரி. குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும், கிட்டே வந்தால் பாயும். வாளை சிப்பிப்பாறை ஜாதி. ராத்திரி வேட்டைதான் அதற்கு வேலை. ஆனால் மீன்கள் நாய்களைப் போலக் கட்டிப் புரளுவதில்லை. பெரிய வாய் சின்ன மீனை விழுங்கும், அவ்வளவுதான். வாளைக்கோ வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும்!

எது ஜெயித்தாலும் தோற்பது நீங்கள் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளே. ஆகவே, முதலில் குளத்தைக் காயப்போடுங்கள். சேற்றில் பதுங்கிய விராலையும் தேடிப் பிடியுங்கள். வற்றாத குளமானால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு, ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, மூன்று வாரம் கழித்துக் குஞ்சு விடலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2000-ஆம் ஆண்டிலேயே அரசு தடை போட்ட மீன் அது. மழைநாளில் கரையேறிப் பக்கத்துக் குளத்துக்கும் போய்விடும்.